அறுபது வார்த்தை

"அப்படியென்றால் இதை எதற்கு வரைந்தார்கள்?" என்று, பிள்ளைகள் விளையாடும் ஒரு பழைய டச்சுப் படத்தைக் காட்டிக் கேட்டார், அருங்காட்சியகத்தில் எங்கள் பிரிவில் எனக்கு மூத்தவர். "பிள்ளைகள் விளையாடினார்கள், அதனால்தான்" என்றேன். மேசையைச் சுற்றி எல்லோரும் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "சரி" என்று, படத்தின் பக்கத்தில் வைக்க நான் எழுதிய குறிப்பு அட்டையில் கையெழுத்துப் போட்டார். அந்தச் "சரி" இன்னும் உறுத்துகிறது.

அட்டையில் அறுபது வார்த்தைக்குத்தான் இடம். படம் டச்சு ஓவியர் அட்ரியான் ஃபன் டெ ஃபென்ன வரைந்தது. டச்சுக் கவிஞர் யாக்கப் காட்ஸ் 1625இல் மிடெல்பர்கில் வெளியிட்ட, திருமண வாழ்க்கை பற்றிய செய்யுள் நூலுக்காக. பட்டம், பச்சைக்குதிரை, கண்ணாமூச்சி, பொய்க்கால், சோப்புக் குமிழி என்று ஊர் நடுவே ஒரே கூட்டம். காட்ஸ் ஒன்றையும் சும்மா விடமாட்டார். குமிழி உடையும், பட்டம் விழுந்தால் வெறும் காகிதம், பொய்க்காலிலிருந்து இறங்கினால் பழைய உயரம்தான். நான் செய்யுளை வெட்டிவிட்டு விளையாட்டுகளின் பெயர்களை அடுக்கினேன்.

தப்பா? எங்களிடம் இருப்பது புத்தகத்திலிருந்து பிரித்த தனித்தாள். செய்யுள் அதில் இல்லை. அந்தக் காலத்து டச்சுச் சுவர் ஓடுகளிலும் வளையம் உருட்டும் பையனோ பம்பரத்தைச் சாட்டையால் அடிப்பவனோ தனியாகத்தான் நிற்கிறான், போதனை கிடையாது. ஆனால் ஓட்டில் வரைந்தவரை யாரும் விளக்கம் எழுதச் சொல்லவில்லை. என்னைச் சொன்னார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. ஹென்ட்ரிக் கோல்ட்சியஸின் 1594ஆம் ஆண்டு செதுக்கோவியத்தில் குமிழி ஊதும் குழந்தை மண்டையோட்டின் மேல் சாய்ந்திருக்கிறது; 'யார் தப்புவார்?' என்று லத்தீனில் ஒரு வரி. அந்தப் படத்துக்கான அட்டையில் மரணத்தைப் பற்றித்தான் எழுதினேன், தயக்கமே இல்லாமல். மண்டையோடு கண்ணில் பட்டால் போதனை, படாவிட்டால் விளையாட்டு என்பதா என் கொள்கை? அன்று மூத்தவர் வாதாடியிருந்தால் நானும் வாதாடி மறந்திருப்பேன்.

போன வாரம் ஒரு சிறுமி பொய்க்கால் பையனைக் காட்டி அப்பாவிடம் ஏதோ கேட்டாள். அவர் என் அட்டையைக் குனிந்து படித்தார், உதவவில்லை போல. "அவனுக்கு இருக்கிற உயரம் போதலை" என்றார். கிட்டத்தட்ட காட்ஸ் சொன்னதேதான். என் பக்கம் நியாயம் இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இருவரும் சிரித்துவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விட்டார்கள். காட்ஸோ, சிரியுங்கள், ஆனால் இந்தக் கூட்டத்தில் நீங்களும் இருக்கிறீர்கள் என்கிறார்.

அதற்கு அறுபது வார்த்தைகூட வேண்டியதில்லை. பொய்க்கால், பச்சைக்குதிரை இரண்டையும் எடுத்தாலே இடம் வந்துவிடும். திருத்தி அனுப்பினால் அந்த மூத்தவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். இன்னும் அனுப்பவில்லை.