தாழ்ப்பாள் உள்ள அறை

பெண்ணுறுப்பு அமைக்கும் சத்திரசிகிச்சை பற்றி என்னிடம் விசாரிக்கும் திருநங்கைகள் பெரும்பாலும் மூன்று விடயங்களைத்தான் கேட்பார்கள்: எவ்வளவு செலவு, எவ்வளவு வலி, பார்த்தால் தெரியுமா? நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். உள்ளே தாழ்ப்பாள் போடக்கூடிய அறை உங்களுக்கு இருக்கிறதா? பலர் சிரித்துவிடுகிறார்கள். கத்தி வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிந்திய ஓராண்டு அந்த அறைக்குள்தான் நடக்கிறது. காசு சேர்த்து, வைத்தியரைத் தேடி, நாள் குறித்து, பிறகு ஏழு பேர் குடியிருக்கும் வீட்டின் கூடத்தில் பாய் விரித்துப் படுக்கலாம் என்று நினைப்பவர்களை எனக்குத் தெரியும். அறை இல்லாவிட்டால் நாளைத் தள்ளிப்போடுங்கள் என்றே சொல்வேன்.

எனக்கு இருந்தது வெள்ளவத்தையில், காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில், ஒரு வீட்டின் பின்புற அனெக்ஸ். ஓர் அறை, அதற்குள்ளேயே குளியலறை. கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கவில்லை. சத்திரசிகிச்சைக்காகச் சென்னைக்கு விமானம் ஏறுவதற்கு முன்பே தச்சுவேலைக்காரரை வரவழைத்துப் பித்தளையில் ஒன்று போட்டுக்கொண்டேன். வாடகை அதிகம்தான். ஆனால் மொத்தச் செலவில் நான் கொஞ்சமும் வருந்தாத பணம் அது.

கடதாசி வேலை முன்பே முடிந்திருந்தது. 2016இல் சுகாதார அமைச்சு வெளியிட்ட சுற்றறிக்கைக்குப் பிறகு, மனநல வைத்திய நிபுணர் வழங்கும் பால்நிலை அங்கீகாரச் சான்றிதழைக் காட்டிப் பிறப்புப் பதிவைத் திருத்திக்கொள்ள இலங்கையில் வழி இருக்கிறது. அதற்கு முதலில் சத்திரசிகிச்சை முடிந்திருக்க வேண்டும் என்று நம்பி ஆண்டுக்கணக்கில் காத்திருப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். என் கடவுச்சீட்டில் பெண் என்று அச்சாகி வந்த பிறகுதான் நான் சென்னைக்குப் போனேன். சென்னையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் எளிது. பறக்கும் நேரம் ஒன்றரை மணிக்கும் குறைவு. அத்தோடு வலியை மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியதில்லை.

வைத்தியசாலை நாட்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மயக்கம் தெளிந்தபோது தொண்டை வறண்டிருந்தது, இடுப்புக்குக் கீழே யாரோ பாரத்தை ஏற்றி வைத்ததுபோல் இருந்தது. உள்ளே துணி அடைத்து வைத்திருப்பார்கள். சிறுநீருக்குக் குழாய் போட்டிருப்பார்கள். இரண்டையும் ஒரு கிழமையளவில் எடுத்துவிட்டார்கள். குழாய் எடுத்தபின் முதன்முறை சிறுநீர் போனபோது அது நேராகப் போகாமல் நாலாபக்கமும் சிதறி, தொடை எல்லாம் நனைந்து, நான் பயந்தே போனேன். வீக்கம் வற்ற வற்ற அது சரியாகிவிடும் என்று தாதி சொன்னார். அப்படியே ஆயிற்று. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, அதனால் சொல்கிறேன்.

இனி விரிக்கும் உருளை, அதாவது டைலேட்டர் பற்றி. உடலுக்குத் தெரிந்ததெல்லாம் புதிதாக அமைத்த உறுப்பு ஒரு காயம் என்பதுதான், ஆகவே அதை மூடப் பார்க்கிறது. காது குத்திவிட்டுத் தோடு போடாமல் விட்டால் துளை தூர்ந்துபோகும் அல்லவா, அதே கதைதான். தூராமல் இருக்க, வழவழப்பான உருளைகளைச் சிறியதிலிருந்து பெரியது வரை படிப்படியாக உள்ளே வைத்துப் பிடித்திருக்க வேண்டும். எனக்குச் சொல்லப்பட்ட ஒழுங்கு: முதல் மூன்று மாதம் நாளுக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் அரை மணி நேரமளவில், பிறகு இரண்டு தடவை, பிறகு ஒன்று, ஆண்டு கடந்ததும் கிழமைக்குச் சில தடவைகள். வைத்தியருக்கு வைத்தியர் இந்தக் கணக்கு மாறும். ஆனால் தொடக்க மாதங்களில் விட்டதைப் பிறகு பிடிப்பது கடினம் என்பதில் எல்லோரும் ஒரே குரலில்தான் பேசுகிறார்கள்.

அரை மணி நேரம் என்று சொன்னால் சிறியதாகத் தெரிகிறது. முதலில் கை கழுவி, உருளைகளை மென்மையான சவர்க்காரத்தில் கழுவித் துடைக்க வேண்டும். கட்டிலில் பழைய துவாயை விரித்து, முதுகுக்குத் தலையணை கொடுத்து, கண்ணாடியைச் சரிக்கட்டி வைத்து, ஜெல் பூசி, மூச்சை விட்டுவிட்டு இடுப்புத் தசையைத் தளர்த்த வேண்டும். அவசரப்பட்டால் தசை இறுகிக்கொள்ளும், வலி இரட்டிப்பாகும். முடிந்ததும் மறுபடி எல்லாவற்றையும் கழுவி, தன்னையும் கழுவிக்கொண்டு, பேட் மாற்ற வேண்டும். மூன்று தடவையும் சேர்த்தால் நாளில் நாலு மணி நேரம் போய்விடும். கொழும்பு வெக்கையில் வியர்வை வேறு. மின்விசிறியை நேரே காலுக்குத் திருப்பி வைத்துக்கொண்டு படுத்திருப்பேன். ஜெல் நீர் சார்ந்ததாக இருக்க வேண்டும். வாசலின் கூடாது, தேங்காய் எண்ணெயும் கூடாது என்றார்கள். நம்மவர்களுக்குத் தலையிலிருந்து கால்வரை எல்லாவற்றுக்கும் தேங்காய் எண்ணெய்தான் மருந்து என்பதால் இதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது.

கழுவிய உருளைகளை ஒரு பழைய பிஸ்கட் டின்னில் வைத்திருந்தேன். வீட்டுக்கார அம்மாவின் பேரனுக்கு அந்த டின் மீது ஒரு கண். பின்னேரம் ஆனால் கதவைத் தட்டி, "அன்ரி, பிஸ்கட் இருக்கிறதா?" என்பான். தாழ்ப்பாளின் அருமை எனக்கு முழுதாக விளங்கியது அப்போதுதான். வேறொரு டின்னில் உண்மையான பிஸ்கட்டை வாங்கி வைத்து அவனைச் சமாளித்தேன்.

முதல் ஆறு கிழமை பாரம் தூக்கக் கூடாது, குந்தக் கூடாது, முக்கவும் கூடாது. கடைசியாகச் சொன்னதுதான் பெரும் சோதனை. வலி மாத்திரைகள் மலச்சிக்கலைக் கொண்டுவந்துவிடும். பப்பாசிப் பழமும் தண்ணீரும் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேனோ. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்து என்னோடு தங்கிய அக்காதான் வாளியில் தண்ணீர் தூக்கினார், சமைத்தார், துணி தோய்த்தார். அவரும் திருநங்கை. தனக்கு இந்தச் சத்திரசிகிச்சை வேண்டாம் என்று எப்போதோ முடிவு செய்தவர். "எனக்கு இது இல்லாமலே நான் பெண்தான், உனக்கு வேண்டுமென்றால் நீ செய், நான் சோறு போடுகிறேன்" என்பது அவர் கட்சி. அதில் எனக்கு மறுப்பு இல்லை.

அம்மா யாழ்ப்பாணத்தில் இருக்கிறார். நான் பெயர் மாற்றிய நாளிலிருந்து எங்களுக்குள் பேச்சு என்று பெரிதாக இல்லை. தைப்பொங்கலுக்கும் வருடப் பிறப்புக்கும் இரண்டு வார்த்தை, அவ்வளவுதான். சென்னைக்குப் போய் வந்ததைத் தங்கச்சிதான் அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஒரு விடியற்காலையில், யாழ்ப்பாணத்திலிருந்து வெள்ளவத்தைக்கு வரும் இரவு பஸ்ஸில் பொதி வந்திருக்கிறது, வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று நடத்துநர் அழைத்தார். அக்கா போய் எடுத்து வந்தார். செய்தித்தாளில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டு, மேலே என் புதிய பெயர். உள்ளே சரக்குத் தூள்: மல்லி, மிளகு, சீரகம், மஞ்சள், வேர்க்கொம்பு எல்லாம் வறுத்து இடித்தது. தங்கச்சிக்குப் பிள்ளை பிறந்தபோது அம்மா இடித்ததும் இதே சரக்குத்தான். அப்போது வெயிலில் காயப்போட்டுக் காகம் விரட்டியவன் நான். கடிதம் ஏதும் இல்லை. அக்கா விளைமீன் வாங்கி, உள்ளி நிறையப் போட்டுச் சரக்குக் கறி வைத்தார். மிளகு அதிகம் வேண்டாம் என்று வைத்தியர் சொல்லியிருந்தாலும் அன்று நான் அதைக் கேட்கவில்லை.

அழுகை பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றாம் கிழமையளவில் காரணமே இல்லாமல் அழுதேன். ஆசைப்பட்டது கிடைத்த பிறகு ஏன் அழுகிறாய் என்று கேட்பவர்களுக்கு என்னிடம் பதில் இருக்கவில்லை. சத்திரசிகிச்சைக்காகப் பெண் ஹோர்மோனான ஈஸ்ட்ரோஜனைச் சில கிழமைகள் நிறுத்தச் சொல்லியிருந்தார்கள். மயக்க மருந்தின் சோர்வு, வலி, தூக்கமின்மை, நாள் முழுவதும் ஓர் உருளைக்கு ஊழியம் செய்யும் சலிப்பு எல்லாம் சேர்ந்துகொண்டன. பெரிய சத்திரசிகிச்சைக்குப் பிறகு பலருக்கும் இது வரும். செய்தது தவறு என்பதற்கு அது சாட்சி இல்லை. ஹோர்மோனைத் திரும்பத் தொடங்கி, கடலோர வீதியான மெரைன் டிரைவில் மாலையில் மெதுவாக நடக்க முடிந்ததும் தானாக விலகிற்று.

இரண்டாம் மாதத்தில் மஞ்சளாகக் கசிவும், டைலேட்டரில் இரத்தமும் கண்டேன். சென்னை வைத்தியர் வீடியோ அழைப்பில் கேட்டுவிட்டு, ஆறும் இடத்தில் சதை மிகுதியாக வளர்ந்திருக்கலாம், கொழும்பில் ஒரு பெண்நோயியல் நிபுணரிடம் காட்டு என்றார். முதலில் போன இடத்தில் வைத்தியர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் நாலைந்து மாணவர்களை உள்ளே கூப்பிட்டார். நான் காலை மடக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தேன். பார்க்க விரும்பினால் முதலில் என்னிடம் கேளுங்கள், கேட்டால் நான் ஆம் என்றும் சொல்லலாம் என்றேன். அறை ஊமையாகிவிட்டது. பரிசோதனை நடக்கவில்லை, பணம் மட்டும் கொடுத்துவிட்டு வந்தேன். இன்றும் நினைத்தால் எரிச்சல்தான்.

அடுத்துப் பார்த்த பெண் வைத்தியருக்கும் இப்படி ஓர் உடல் புதியது. ஆனால் அவர் அதை மறைக்கவில்லை. சென்னையிலிருந்து கொண்டுவந்த சத்திரசிகிச்சைக் குறிப்பை முழுதாக வாசித்து, சந்தேகங்களைக் கேட்டு, மிகுதிச் சதையைச் சுடும் சில்வர் நைட்ரேட் குச்சியால் அந்த இடத்தைத் தொட்டார். சுள்ளென்று ஒரு எரிவு, பிறகு சாம்பல் நிறத்தில் ஒரு திட்டு. சில தடவைகளில் ஆறிவிட்டது. வெளிநாட்டில் செய்துகொள்பவர்கள் அந்தக் குறிப்பை அச்சிட்ட தாளாகவே கையில் வாங்கி வர வேண்டும். காய்ச்சல், ஒரு காலில் மட்டும் வீக்கம், மலம் வழிமாறி வருவதுபோல் ஓர் உணர்வு, பேட் நனையும் அளவு இரத்தம், இவற்றில் எது வந்தாலும் வீடியோ அழைப்புக்குக் காத்திருக்காமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

மாத்திரை விடயத்தில் நம்மிடம் ஒரு தவறான எண்ணம் உண்டு: எல்லாம் முடிந்துவிட்டது, இனி எதற்கு மாத்திரை என்று. விந்தகங்களோடு ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டெரோன் போய்விடுவதால் அதை அடக்கும் மாத்திரைதான் தேவையில்லாமல் போகிறது. ஈஸ்ட்ரோஜனையும் விட்டால் உடலில் எந்தப் பாலியல் ஹோர்மோனும் போதிய அளவு இராது. எலும்பு தேயத் தொடங்கும். அதற்குப் பதிலாக மருந்தகத்தில் மலிவாகக் கிடைக்கும் கருத்தடை மாத்திரையை விழுங்குவதும் ஆபத்து. அதில் உள்ள ஈஸ்ட்ரோஜன் வேறு வகை, இரத்தம் உறையும் அபாயம் கூடியது. இன்னொன்று, புரோஸ்டேட் சுரப்பியை எடுப்பதில்லை. வயது போனபின் அதற்கும் பரிசோதனை உண்டு. அந்த வரிசையில் சேலையோடு போய் நிற்கப் போகும் நாளை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

மூன்று மாதம் கழித்துத் துணிக்கடைக் கணக்கு வேலைக்குத் திரும்பினேன். நடுவில் ஓட்டை உள்ள வளையக் குஷன் ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு 101ஆம் இலக்க பஸ்ஸில் ஏறுவேன். இருக்கை கிடைத்தால் அதைப் போட்டுத்தான் உட்காருவேன். மூலநோய் என்று நடத்துநர் முடிவு செய்துவிட்டார் போலும், பரிவோடு இடம் பிடித்துக் கொடுப்பார். தொடுவுணர்வு முதலில் மரத்தும், பிறகு மின்சாரம் தொட்டதுபோல் திடீர் திடீரென்றும் இருந்து, ஆண்டு முடியும் தறுவாயில்தான் இன்பம் என்று சொல்லத்தக்கதாக மாறியது.

இப்போது மீதியிருப்பது எண்களின் தொல்லை. நம் தேசிய அடையாள அட்டை இலக்கத்தில் பிறந்த நாள் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது அடங்கியிருக்கிறது. பெண்களுக்கு அதனோடு 500 கூட்டுவார்கள். ஜனவரி முதலாம் திகதி பிறந்த ஆணுக்கு 001, பெண்ணுக்கு 501. ஆகவே பால் மாறினால் இலக்கமே மாறுகிறது, பழைய இலக்கத்தில் தொங்கும் அத்தனையையும் ஒவ்வொன்றாக அவிழ்த்துப் புதியதில் கட்ட வேண்டும். வங்கியும் தொலைபேசி இணைப்பும் முடிந்துவிட்டன. ஊழியர் சேமலாப நிதிக் கணக்கு பழைய இலக்கத்திலேயே கிடக்கிறது. அடுத்த மாதம் அரை நாள் விடுமுறை போட்டு, சான்றிதழ்களின் பிரதிகளோடு நாரஹேன்பிட்டியிலுள்ள தொழில் திணைக்களத்துக்குப் போக வேண்டும்.