கேத்திலும் காந்தமும்

யாழ்ப்பாணத்துக் கேத்திலின் அடியைப் பார்த்தாலே நிலத்துக்குக் கீழே என்ன இருக்கிறதென்று தெரிந்துவிடும். எங்கள் கிணறுகள் சுண்ணாம்புக் கல்லில் தோண்டியவை. அந்தத் தண்ணீர் கொதிக்கும்போது அதில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு கல்சியம் காபனேற்றாகப் பிரிந்து வெள்ளைக் கல்லாக ஒட்டிக்கொள்ளும். மாதம் ஒருமுறை வினாகிரி ஊற்றிச் சுரண்டுவது எங்கள் வீட்டில் என் வேலை.

பாடசாலை ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்த காலம். மோட்டர் வைண்டிங் செய்து ஓய்ந்த ஐயா ஒருவர் அடிக்கடி வருவார். "தம்பி, குழாயில ரெண்டு காந்தம் கட்டினால் கல் பிடிக்காது. என்ர வீட்டில கட்டியிருக்கிறன், வந்து பாரும்" என்றார். எனக்குச் சிரிப்பு. ஆனால் இது வெளிநாடுகளிலும் பல காலமாக விற்பனையாகும் சரக்குத்தான். ஆய்வு முடிவுகளும் ஒன்றுக்கொன்று முரண். சரி, செய்தே பார்ப்போம் என்றேன்.

முதல் முயற்சியிலேயே என் முட்டாள்தனம். நியோடிமியம் என்ற வலுவான வகைக் காந்தத்தைக் கேத்திலின் பக்கத்தில் ஒட்டிக் கொதிக்கவிட்டேன். சாதாரண நியோடிமியம் 80 பாகை செல்சியசுக்கு மேல் வலு இழக்கத் தொடங்கும் என்பது நினைவுக்கு வந்தபோது, ஆணிப் பெட்டியைத் தூக்கிய காந்தம் நாலு ஆணியோடு நின்றுவிட்டது. அப்புறம் முறையை மாற்றினோம். ஒரே கிணற்றுத் தண்ணீரை நாலு போத்தல்களில் இரவு முழுக்க வைப்பது. இரண்டில் காந்தம், இரண்டில் அதே நிறையுள்ள பித்தளைத் துண்டு, எல்லாம் கறுப்பு ரேப்பால் சுற்றியவை. காலையில் நாலு கேத்தில்களில் கொதிக்க வைத்து வற்றவிட்டு, கடைசியில் கேத்தில்களை நிறுப்பது.

எது எதற்குள் என்று நிறுப்பவருக்குத் தெரியக்கூடாது. உடலுக்குள் ஓடும் ஒரு காந்த சக்தியால் நோய் தீர்க்கலாம் என்றார் மெஸ்மர் என்ற வைத்தியர். 1784இல் பாரிசில் அந்த "விலங்குக் காந்தம்" என்ற கதையைச் சோதித்த, பிராங்கிளின், லவாசியே ஆகிய விஞ்ஞானிகள் இருந்த குழு இதைத்தான் செய்தது. ஒரு பையனின் கண்ணைக் கட்டி மரம் மரமாகக் கூட்டிப்போனார்கள்; காந்தமூட்டியதாகச் சொன்ன மரத்தை அடைய முன்னரே வேறொரு மரத்தடியில் மயங்கி விழுந்தான்.

நிறுப்பவன் நான். போத்தல்களைச் சுற்றியவர் வேதியியல் ஆசிரியை. மூன்றாம் நாளே என் கை சும்மா இருக்கவில்லை. யாரும் இல்லாத நேரத்தில் ஸ்குரூ டிரைவர் முனையைப் போத்தலருகே கொண்டுபோனேன். டக்கென்று இழுத்தது. ஐயா ஏமாற்றுவாரோ என்றுதான் அத்தனை ஏற்பாடும்.

அதற்கு வந்த தண்டனைபோல், முதல் சுற்றில் காந்தத் தண்ணீர்க் கேத்தில்களில்தான் கல் குறைவு. இரண்டு நாள் பிழை தேடினேன். அந்த இரண்டையும் தொட்டியின் மேல்தண்ணீரிலிருந்தும் மற்றவற்றை அடியிலிருந்தும் நிரப்பியிருந்தோம், அடியில் மண்டி. கலக்கி, இடம் மாற்றி மறுபடி செய்தபோது வித்தியாசம் தராசின் நடுக்கத்துக்குள் மறைந்துவிட்டது. இந்தச் சுற்றில் நான் பிழை எதுவும் தேடவில்லை என்பது எழுதும்போதுதான் உறைக்கிறது.

ஐயாவிடம் குறிப்பேட்டைக் காட்டி, ஸ்குரூ டிரைவர் கதையையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "தம்பி, நான் சொன்னது குழாய். நீர் செய்தது போத்தல். தண்ணி ஓடினால்தானே காந்தம் பிடிக்கும்?" வாழ்நாள் முழுக்க மோட்டர் சுற்றியவரிடம், அசையும் மின்னேற்றத்தில்தான் காந்தப் புலம் விசை செலுத்தும் என்று நான் பாடம் எடுக்க முடியாது. கேள்வி நியாயம்.

அடுத்த கிழமை சைக்கிள் கரியரில் பிவிசி குழாய் இரண்டு துண்டு. இரண்டிலும் ரேப் சுற்றிய பொதிகள், அவற்றின் மேல் தகரத்தால் தடித்த உறை, ஸ்குரூ டிரைவரை வைத்து வித்தியாசம் கண்டுபிடிக்க முடியாதபடி. எதற்குள் காந்தம் என்று கேட்டேன். சொல்லமாட்டாராம்.