ஹவாயின் சேண ராஸ் மீனை வாட்டர்கலரில் வரைந்து பார்த்தேன் - மூன்றாவது தாள் வரை

முதலில் மீனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ராஸ் என்பது கடல்மீன்களில் ஒரு குடும்பம், அதில் ஒன்று இது. ஊதா கலந்த நீலத் தலை, பச்சை உடம்பு, இரண்டுக்கும் நடுவே குதிரை முதுகில் சேணம் போட்ட மாதிரி செங்கல் சிவப்பில் அகலமான ஒரு பட்டை. அறிவியல் பெயர் தலசோமா டூபெர்ரே. ஹவாய்த் தீவுகளையும் அவற்றுக்குத் தென்மேற்கே ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால் தனியாகக் கிடக்கும் ஜான்ஸ்டன் பவளத்தீவையும் விட்டால் இதற்கு வேறு இருப்பிடம் கிடையாது. ஆனால் அங்குள்ள பவளப்பாறைகளில் தலையை நீருக்குள் விட்டால் முதலில் கண்ணில் படும் மீன்களில் இதுவும் ஒன்று, அவ்வளவு சாதாரணம். ஹவாய் மொழியில் ஹீனாலேயா லாவ்வீலி. அங்கே மலிந்து கிடக்கிற மீன் உலகத்தில் வேறெங்கும் இல்லை என்பதுதான் என்னை இதில் இழுத்துவிட்டது.

முதல் தாள் பாழ். தலையின் நீலம் காய்வதற்குள் சிவப்பை வைத்தேன், அதன் ஓரத்திலேயே பச்சையையும் ஓட்டினேன், மூன்றும் கலந்து பட்டையின் பின்விளிம்பு முழுக்கச் சேறாகிவிட்டது. சிவப்பும் பச்சையும் ஒன்றையொன்று அடித்துப் பழுப்பாக்கும் என்பது தெரியாமல் இல்லை, ஆனால் இந்த மீனில் இரண்டும் உரசிக்கொண்டு நிற்கின்றன, நடுவில் மூச்சுவிட இடமே இல்லை. இப்போது சிவப்பை மட்டும் போட்டு, புறங்கையால் தொட்டுப் பார்த்துக் குளிர்ச்சி போகும் வரை காத்திருந்து, அப்புறம்தான் பச்சை. சிவப்பு மேல் பிரஷ் ஏறவே கூடாது.

இரண்டாவது தாளில் வேறு சிக்கல். ஒரே மீனின் புகைப்படங்களில் பட்டை ஒன்றில் பளிச்சென்ற சிவப்பு, இன்னொன்றில் மங்கிய பழுப்பு. வேறு வேறு மீன்களோ என்று குழம்பினேன். காரணம் தண்ணீர்தான். சூரிய ஒளியில் சிவப்பைத்தான் கடல் முதலில் விழுங்குகிறது, சில மீட்டர் ஆழத்திலேயே அது மங்கத் தொடங்கிவிடும், கேமராவின் ஃப்ளாஷ் பட்டால் மட்டும் உண்மையான நிறம் திரும்பி வரும். ஃப்ளாஷ் நிறமா, கடலுக்குள் மனிதக் கண் பார்க்கும் நிறமா? முழங்கால் ஆழத்தில் வெயில் படும்போது எப்படித் தெரியுமோ அப்படி வைத்துக்கொண்டேன், அலிசரின் சிவப்பில் துளி எரிந்த சியன்னா என்ற செம்பழுப்பு. பச்சை காய்ந்தபின் ஒவ்வொரு செதிலிலும் மெல்லிய செங்குத்துச் சிவப்புக் கோடு, நுனி கூரான பிரஷ்ஷால். இதற்கு மட்டும் இரண்டு மாலைகள் ஆயின.

அந்தத் தாளில் ஐந்து மீன்கள், ஐந்துக்கும் சேணத்துக்குப் பின்னால் வெள்ளைப் பிறை போட்டிருந்தேன், பார்க்க அழகாக இருந்தது. தப்பு. அந்த வெள்ளை பெரிய ஆணுக்கு மட்டும் உரியது. பெண் மீன்களுக்கும், பிறவியிலேயே ஆணான சில சின்ன மீன்களுக்கும் அது கிடையாது. பெரிய ஆண்களில் பல முன்பு பெண்ணாக இருந்து மாறியவை. 1983-இல் ராஸ் (இது மீனல்ல, ஆளின் பெயர்), லோசி, டயமண்ட் என்ற மூன்று ஆய்வாளர்கள் ‘சயன்ஸ்’ இதழில் எழுதியது இதே மீனைப் பற்றித்தான்: தன்னைவிடச் சின்ன மீன்கள் பக்கத்தில் இருந்தால் பெண் ஆணாக மாறும், பெரியது இருந்தால் மாற்றம் நின்றுவிடும். சுற்றி இருப்பவர்களின் அளவை வைத்து உடம்பே முடிவெடுக்கிறது! இதைப் படித்தபின் என் ஐந்து மீன்களைப் பார்க்கவே பிடிக்கவில்லை, ஒரே அளவில் ஐந்து பெரிய ஆண்கள் ஒரே கூட்டமாக நின்றன.

மூன்றாவது தாளை அதனால் அளவிலிருந்தே தொடங்கினேன். நடுவில் பெரியது ஒன்று, சுற்றிலும் சின்னவை நான்கு. மீனுக்கு வெள்ளை கடைசியில் வருகிறது, எனக்கு அதையே முதலில் முடிவுசெய்ய வேண்டியிருந்தது, ஏனென்றால் நான் வெள்ளை நிறத்தைத் தொடுவதில்லை, தாளின் வெள்ளையே வெள்ளை. பிறை வரும் இடத்தில் நிறம் ஒட்டாமல் தாளை மூடிவைக்கும் மாஸ்கிங் திரவம் தடவி, எல்லா நிறமும் காய்ந்தபின் விரலால் உருட்டி எடுத்தேன். விளிம்பு கத்தி மாதிரி கூர்மையாக வந்தது, மீனில் அப்படி இல்லை, ஈரப் பிரஷ்ஷால் லேசாகத் தேய்த்து மென்மையாக்க வேண்டியிருந்தது.

மார்புத் துடுப்புகளில்தான் இன்னும் தடுமாற்றம். ராஸ் மீன்கள் வாலை அதிகம் அசைக்காமல் இந்தத் துடுப்புகளைச் சிறகு போல மேலும் கீழும் அடித்து நீந்துகின்றன, நான் வரைந்தவை உடம்போடு ஒட்டிக் கிடக்கின்றன. சின்ன மீன்கள் நாலில் இரண்டின் துடுப்பை நனைத்து உறிஞ்சி எடுத்து, துடுப்பு கீழே வந்த நிலையில் திரும்ப வரைந்துவிட்டேன். மற்ற இரண்டும் பாக்கி. கீழ் மூலையில் குஞ்சு மீனுக்கு இடம் விட்டிருக்கிறேன். அதற்குச் சேணம் இல்லை, வெளிறிய உடம்பில் நீளமாக ஒரு கறுப்புக் கோடுதான், மற்ற மீன்களின் மேலிருந்து ஒட்டுண்ணிகளைக் கொத்தித் தின்னும் வயசு அது. பக்கத்தில் ஒரு பெரிய மீனின் விலாவை மட்டும் பென்சிலில் போட்டு வைத்திருக்கிறேன், எந்த மீன் என்று இன்னும் முடிவாகவில்லை.