அம்மாவுக்கு மெடிகேர்: திட்டத்துக்கு முன் மருத்துவர்

பிள்ளைகளோடு அமெரிக்காவில் தங்கியிருக்கும் பெற்றோருக்கு, முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர் கிடைக்காது என்று நம்மவர்களில் பலர் இன்னும் நினைக்கிறார்கள். கிடைக்கும். 65 வயது நிறைந்த, கிரீன் கார்டு உள்ள ஒருவர் ஐந்தாண்டுகள் தொடர்ந்து இங்கே வசித்திருந்தால் விண்ணப்பிக்கலாம்.

ஆனால் அது இலவசமில்லை. இங்கே 40 காலாண்டுகள் வேலை பார்த்து வரி கட்டியவர்களுக்கு, மருத்துவமனைச் செலவைப் பார்க்கும் ஏ பிரிவுக்கு மாதச் சந்தா கிடையாது. மதுரையிலிருந்து நேராக நியூ ஜெர்சிக்கு வந்த அம்மாவுக்கு அப்படி எந்தக் கணக்கும் இல்லை. 2025இல் அவருக்கு ஏ பிரிவுக்கு மாதம் 518 டாலர், மருத்துவர் கட்டணத்துக்கான பி பிரிவுக்கு 185 டாலர். பி பிரிவை மட்டும் எடுக்கவும் வழி உண்டு. ஆனால் மெடிகேர் போக நம் பங்காக வரும் செலவுக்கான துணைக் காப்பீடான மெடிகாப் வேண்டுமென்றால் இரண்டும் தேவை. அதனால் இரண்டையும் எடுத்தோம்.

பதிவு செய்வது சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில். தகுதி பெறும் மாதம், அதற்கு முன் மூன்று மாதம், பின் மூன்று மாதம் என ஏழு மாத அவகாசம். அதைத் தவறவிட்டால் பி பிரிவில் ஒவ்வொரு முழு ஆண்டுத் தாமதத்துக்கும் சந்தா பத்து சதவீதம் கூடும். அந்தக் கூடுதல் சந்தாவைப் பிற்பாடும் கட்டிக்கொண்டே இருக்க வேண்டும். பாஸ்போர்ட், கிரீன் கார்டு, இங்கே வசித்ததற்கான சான்றுகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்துவைத்திருந்ததால் எங்கள் வேலை எளிதாக முடிந்தது. அம்மாவிடம் அவர்கள் நேரடியாகப் பேச வேண்டியிருந்தபோது, கேட்டதும் தமிழ் மொழிபெயர்ப்பாளரைத் தொலைபேசியில் இணைத்தார்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இதற்கு அடுத்த கட்டத்தைத்தான். மெடிகேரைத் தனியார் நிறுவனம் வழியாகப் பெறும் அட்வான்டேஜ் திட்டம் ஒன்றைத் தெரிந்தவர்கள் பரிந்துரைத்தார்கள். கூடுதல் சந்தா இல்லை, பல் வைத்தியமும் உண்டு. அம்மாவுக்குப் பிடித்துப்போன மருத்துவரின் பெயரும் அதன் பட்டியலில் இருந்தது. அவருடைய அலுவலகத்தையே அழைத்துக் கேட்டபோது, அந்தத் திட்டத்தை ஏற்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். பட்டியலை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள். முதலில் மருத்துவரை முடிவு செய்யுங்கள், பிறகு அவர் எதை ஏற்கிறார் என்று பார்த்துத் திட்டத்தை எடுங்கள்.

ஒரு பொது மருத்துவருக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று உறவினர்கள் கேட்டார்கள். ஊரில் முழங்கால் வலித்தால் எலும்பு மருத்துவர், படபடத்தால் இதய மருத்துவர் என்று நேரே போய்ப் பழகியவர்கள் நாம். இங்கே பிரைமரி கேர் மருத்துவர்தான் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்ப்பவர். தன் பட்டியலில் உள்ள மருத்துவர்களிடம் மட்டுமே போகச் சொல்லும் எச்எம்ஓ வகை அட்வான்டேஜ் திட்டங்களில் பெரும்பாலும் அவர் எழுதிக்கொடுத்தால்தான் சிறப்பு மருத்துவரிடம் போக முடியும். அரசே நேரடியாக நடத்தும் அசல் மெடிகேரில் அந்தக் கட்டாயம் இல்லை. ஆனாலும் அம்மாவின் மாத்திரைப் பையை மேசையில் கொட்டி ஒவ்வொன்றாகப் பார்த்தவர் இந்தப் பொது மருத்துவர்தான். ஊரில் இரு மருத்துவர்கள் தனித்தனியே எழுதித்தந்த வலி மாத்திரைகள் ஒரே வகையைச் சேர்ந்தவை, சிறுநீரகத்துக்கு ஆகாதவை என்று சொல்லி உடனே நிறுத்தினார். எனக்கு அந்த ஒரு சந்திப்பே போதுமானதாக இருந்தது. (மாத்திரைகளின் மூலப்பெயரை எழுதிக்கொண்டு போங்கள். தைரோநார்ம் என்றால் இங்கே யாருக்கும் தெரியாது, லெவோதைராக்ஸின் என்றால் தெரியும்.)

பி பிரிவு தொடங்கிய முதல் பன்னிரண்டு மாதங்களுக்குள் ஒரு வரவேற்புச் சந்திப்பு இலவசம். அது முழு உடல் பரிசோதனை அல்ல. அங்கே வேறு பரிசோதனையோ சிகிச்சையோ சேர்ந்தால் அதற்குத் தனியாகக் கட்டணம் வரலாம்.

கடைசியில் அசல் மெடிகேர், மெடிகாப்பில் ஜி என்ற வகை, மருந்துக்கான டி பிரிவு என்று எடுத்தோம். 65 வயதுக்கு மேல் பி பிரிவு தொடங்கியதிலிருந்து ஆறு மாதத்துக்குள் மெடிகாப் வாங்கினால் உடல்நிலையைக் காட்டி மறுக்க முடியாது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள அம்மாவுக்கு அது பெரிய பாதுகாப்பு. ஆண்டுதோறும் ஊருக்குப் போகிறவர் என்பதும் இன்னொரு காரணம். ஆறு மாதத்துக்கு மேல் திட்டப் பகுதியை விட்டு விலகியிருந்தால் அட்வான்டேஜ் திட்டத்திலிருந்து பொதுவாக நீக்கிவிடுவார்கள். மெடிகேர் இந்தியாவில் செல்லாது. நாங்கள் எடுத்தவற்றில் மெடிகாப் ஜி மட்டும், பயணத்தின் முதல் 60 நாட்களில் நேரும் அவசரச் சிகிச்சைக்கு 250 டாலர் போக 80 சதவீதம் தரும். வாழ்நாள் உச்சவரம்பு 50,000 டாலர். அவர் மதுரையில் இருக்கும் மாதங்களிலும் பி பிரிவுச் சந்தாவை நிறுத்தாமல் கட்டிவருகிறோம்.