கூண்டுப் பறவைகளுக்கு இணை தேடும் கணக்கு

கால்நடை வளர்ப்பவர் அதிகம் கறக்கும் பசுவின் வழியையும் வலுவான காளையின் வழியையும் தேர்ந்தெடுத்துப் பெருக்குவார். அழிவின் விளிம்பில் நிற்கும் காட்டுப் பறவைகளைக் கூண்டில் வைத்துப் பெருக்குபவர்களோ ஏறக்குறைய இதற்கு நேர்மாறாகச் செயல்பட வேண்டியிருக்கிறது. நிறையக் குஞ்சு பொரித்த இணையை ஒரு கட்டத்தில் நிறுத்திவைத்துவிட்டு, இதுவரை சந்ததியே இல்லாமல் முரண்டுபிடிக்கும் பறவைக்கு முன்னுரிமை தர வேண்டும். காட்டிலிருந்து வந்த மூலப் பறவைகள் ஒவ்வொன்றின் மரபணுக்களும் கூடுமானவரை சமமாக அடுத்த தலைமுறையைச் சென்றடைய வேண்டும் என்பதே நோக்கம். எந்தப் பறவை 'சிறந்தது' என்ற கேள்வியை இங்கே கேட்கவே கூடாது என்பது என் கருத்து.

வழிமுறை, வம்சாவளிப் பதிவேட்டிலிருந்து தொடங்குகிறது. ஒரு பறவை அக்கூட்டத்திலுள்ள மற்றப் பறவைகளோடு சராசரியாக எவ்வளவு உறவு கொண்டது என்று கணக்கிடுவார்கள். அந்த அளவு குறைவாக உள்ள பறவையிடம்தான் அரிய மரபணுக்கள் இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கு அதேபோன்ற, உறவில்லாத ஒரு துணை தேடப்படும். தொடக்கத்தில் இருந்த மரபணுப் பன்மையில் 90 சதவீதத்தை 100 ஆண்டுகளுக்குக் காப்பாற்றுவது பல திட்டங்களின் இலக்கு. ஆனால் மூலப் பறவைகள் ஒன்றுக்கொன்று உறவற்றவை என்றுதான் பதிவேடு எடுத்துக்கொள்கிறது. காட்டில் இருபதோ முப்பதோ மட்டுமே எஞ்சியிருந்த இனத்தில் அவை உடன்பிறந்தவையாகவே இருக்கலாம். அந்த இடத்தை நிரப்பத்தான் டிஎன்ஏ தேவைப்படுகிறது.

வட அமெரிக்காவின் பெரிய பிணந்தின்னிப் பறவையான கலிபோர்னியா காண்டோர் இதற்குத் தெளிவான சான்று. 1982இல் உலகில் 22 காண்டோர்களே இருந்தன. 1987இல் காட்டில் எஞ்சியிருந்த கடைசிப் பறவையும் பிடிக்கப்பட்டபோது கூண்டுகளில் மொத்தம் 27 இருந்தன. இன்றுள்ள காண்டோர்கள் அனைத்தும் 14 மூலப் பறவைகளின் வழிவந்தவை. ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் இப்பறவையில் பால் அறிவதற்கும், யார் யாருக்கு உறவு என்று ஊகிப்பதற்கும் மரபணுச் சோதனைகள் உதவின.

பெருக்கம் தொடங்கிய பிறகு ஒரு சிக்கல் எழுந்தது. சில முட்டைகளில் எலும்புகள் குறுகிச் சிதைந்த கருக்கள் பொரியும் முன்பே இறந்துபோயின. காரணம் ஓர் ஒடுங்கு மரபணு, அதாவது தாய், தந்தை இருவரிடமிருந்தும் வந்தால் மட்டுமே விளைவைக் காட்டும் மரபணு: அதன் ஒரு பிரதியை மட்டும் சுமக்கும் பறவை முழு ஆரோக்கியத்தோடு இருக்கும்; சுமக்கும் இரண்டு பறவைகள் இணைந்தால், சராசரியாக நான்கில் ஒரு கரு இறக்கும். சுமக்க வாய்ப்புள்ள பறவைகளையெல்லாம் இனப்பெருக்கத்திலிருந்து விலக்கிவிடலாமே என்று தோன்றுவது இயல்பு. அப்படிச் செய்திருந்தால், வெறும் 14 பறவைகளிலிருந்து கிடைத்த பன்மையில் பெரும்பகுதியை ஒரே ஒரு கெட்ட மரபணுவுக்காகத் தூக்கி எறிந்திருப்பார்கள். 2000இல் வெளியான ஆய்வு, அதைச் சுமக்க வாய்ப்புள்ள இரு பறவைகளை ஒன்றோடொன்று சேர்க்காமல் தவிர்த்தாலே போதும் என்று பரிந்துரைத்தது. இத்துறையின் மிக நிதானமான முடிவுகளில் ஒன்றாக நான் இதைக் கருதுகிறேன். எந்த மரபணு நாளை ஒரு நோயைத் தாங்க உதவும் என்பது இன்று யாருக்கும் தெரியாது.

பதிவேட்டைச் சரிபார்க்கும் வழக்கமான சோதனைகளிலேயே எதிர்பாராத ஒன்றும் வெளிப்பட்டது. இரண்டு ஆண் காண்டோர்களின் டிஎன்ஏவில் தந்தையின் பங்கு எதுவுமே இல்லை. கருவுறாத முட்டையிலிருந்து அவை பிறந்திருக்கின்றன என்று 2021இல் அறிவித்தார்கள். அவற்றின் தாய்கள் ஆண் துணையோடுதான் இருந்தன என்பது இன்னும் வியப்பு.

எண்ணிக்கை உயர்ந்ததும் வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுவது தவறு என்பதை மொரீசியஸ் தீவின் இளஞ்சிவப்புப் புறா காட்டுகிறது. 1990ஆம் ஆண்டு வாக்கில் காட்டில் பத்துப் பறவைகள் அளவுக்குச் சுருங்கிய இவ்வினம், கூண்டில் வளர்த்து விடுவித்ததன் பலனாக நூற்றுக்கணக்கில் பெருகியது. ஆயினும் மரபணுத்தொகுதி ஆய்வுகள் வேறொன்றைச் சொன்னன: குறுகிய காலத்தில் ஏற்பட்ட பன்மை இழப்பு எண்ணிக்கை மீண்ட பிறகும் தொடர்கிறது, முன்பு மறைந்து கிடந்த தீய மரபணு மாற்றங்கள் உட்கலப்பால், அதாவது நெருங்கிய உறவுப் பறவைகள் இணைவதால், இப்போது வெளிப்படுகின்றன. காட்டில் மறைந்துபோன சில மரபணு வேறுபாடுகள் உயிரியல் பூங்காக்களில் வளரும் புறாக்களிடம் இன்னும் இருப்பதால், அவற்றின் சந்ததியைத் தீவில் விடுவிக்கலாம் என்று ஆய்வாளர்கள் கூறுகிறார்கள்.

எந்த அட்டவணையும் பறவையின் விருப்பத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. கணினி சிறந்ததென்று காட்டும் இணை ஒன்றையொன்று கொத்திக் காயப்படுத்தலாம். அப்போது பராமரிப்பாளர் பட்டியலில் அடுத்த துணையைத்தான் தேட வேண்டும். காட்டுக்குத் திரும்பும் காண்டோர்களை இன்றும் அதிகம் கொல்வது, வேட்டைத் தோட்டாவிலிருந்து உணவில் கலக்கும் ஈயம். அதற்கான தீர்வு டிஎன்ஏவில் இல்லை, ஈயமில்லாத தோட்டாக்களில் இருக்கிறது.