அரை நூல் ஆட்டம்

நேற்று சாயங்காலம் உச்சிப்புளியிலிருந்து பாம்பன் வரை போய்த் திரும்பினேன். காரில் கியரை இரண்டிலிருந்து மூன்றுக்கு மாற்றும்போது ஒரு தடவைகூடத் தடுமாறவில்லை. இதற்கு மூன்று ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு லுங்கியும் செலவு.

வண்டி 2006 மாருதி 800, நாலு கியர். அப்பா வாங்கியது. ஆறு மாதமாகவே கியர் லிவர் கூழுக்குள் விட்ட அகப்பை மாதிரிதான் இருந்தது. நியூட்ரலில் நிற்கும்போதே அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்ந்தாடும். போன மாதம் பாம்பன் பாலத்தில் ஏறும்போது மூன்று என்று நினைத்துப் போட்டது ஒன்றில் விழுந்துவிட்டது. கிளட்சை விட்டதும் வண்டி முன்னால் குத்தி நின்றது. பின்னால் வந்த பஸ்காரர் அடித்த ஹாரன் இரண்டு கடலுக்கும் கேட்டிருக்கும்.

ஒரு மெக்கானிக்கிடம் காட்டினேன். லிவரை இரண்டு தடவை ஆட்டிப் பார்த்துவிட்டு, "கியர் பாக்ஸை இறக்கணும் சார்" என்றார். வண்டிக்கு அடியில் குனிந்துகூடப் பார்க்கவில்லை. சரி, நாமே பார்ப்போம் என்று திரும்பிவிட்டேன்.

இந்த வேலையில் ஆட்டம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பாதி வேலை. பையனை சீட்டில் உட்காரவைத்து நான் அடியில் படுத்தேன். லிவரின் அடியிலிருந்து முன்னால் இரண்டு கம்பி போகிறது. ஒன்று நம் கை அசைவைக் கியர் பாக்ஸுக்குக் கொண்டுபோகும் ராடு. பக்கத்திலுள்ள இன்னொன்று எதையும் தள்ளாது, லிவரையும் கியர் பாக்ஸையும் ஒரே தூரத்தில் பிடித்துவைத்திருக்கும். எஞ்சின் குலுங்கினாலும் லிவரும் கூடவே குலுங்குவதால் கியர் நழுவாது.

"அப்பா, ரெண்டு போட்டாச்சு."

"போடலடா. இங்க இன்னும் அசையவே இல்ல."

அப்படித்தான் பிடிபட்டது. லிவர் நகர்கிறது, ராடு நகர்கிறது, ஆனால் ராடு முடிந்து கியர் பாக்ஸ் ஷாஃப்டைக் கவ்வும் மூட்டில் ராடு சும்மா கொஞ்சம் திரும்பிய பிறகுதான் ஷாஃப்ட் நகர்கிறது. உள்ளே இருந்த புஷ் (ஆட்டம் வராமல் இடைவெளியை நிரப்பும் வளையம்) காய்ந்த புளியங்கொட்டைத் தோல் மாதிரி உதிர்ந்தது. மூட்டை மூடியிருக்க வேண்டிய ரப்பர் உறையைக் காணவே காணோம்.

காரணம் உப்புதான். எங்கள் ஊருக்கு வடக்கேயும் கடல், தெற்கேயும் கடல். வாடை அடித்தால் அங்கிருந்து உப்பு, கச்சான் அடித்தால் இங்கிருந்து. போதாக்குறைக்கு 2017-இல் தனுஷ்கோடி தாண்டி அரிச்சல்முனை வரை ரோடு திறந்ததிலிருந்து, வருகிற சொந்தக்காரர் எல்லாருக்கும் அங்கே போயாக வேண்டும். மணலும் சாரலும் அடியில் அப்பிக்கொண்டு வரும். திரும்பி வந்ததும் நல்ல தண்ணீரை அடியில் பீய்ச்சி அடித்திருக்க வேண்டும். நான் மேலே மட்டும் கழுவி, கண்ணாடியைத் துடைத்து நிறுத்திவிடுவேன்.

இனி அந்த போல்ட் கதை. 12 நம்பர் ஸ்பேனர் போட்டதும் நட் ஒழுங்காகக் கழன்றுவிட்டது. போல்ட் வரவில்லை. புஷ்ஷுக்குள் இருக்கும் இரும்பு ஸ்லீவோடு துரு பிடித்து ஒரே உடம்பாகிவிட்டது. டீசலும் மண்ணெண்ணெயும் கலந்து மூன்று ராத்திரி ஊறவைத்தேன். செம்புக் கம்பியை இடையில் வைத்துச் சுத்தியலால் தட்டினேன். போல்ட் திரும்பியது, கூடவே ஸ்லீவும் திரும்பியது, ஆனால் அரை மில்லிமீட்டர்கூட வெளியே வரவில்லை. சூடு காட்டினால் வரும் என்று யாரும் சொல்வார்கள். பெட்ரோல் குழாயும் அந்தத் தரைக்கு அடியில்தான் ஓடுகிறது, அதனால் அந்தப் பேச்சே வேண்டாம். கடைசியில் ஆக்ஸா பிளேடை ஒரு பக்கம் துணி சுற்றிக் கையில் பிடித்து, புஷ்ஷுக்கும் அதைக் கவ்வியிருக்கும் ராடு முனைக்கும் இடையில் விட்டு அறுத்தேன். இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றரை மணி நேரம், மல்லாந்து படுத்து, துரு எல்லாம் கண்ணாடி மேல் விழ.

ராமநாதபுரத்தில் வாங்கிய புஷ் கிட் ஒன்று கையில் இருந்தது. "போட்டா சரியாப் போயிரும்" என்று கொடுத்தார்கள். போட்டேன், அரை நூல் (அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு) ஆட்டம் அப்படியே இருந்தது. வெர்னியர் வைத்துப் பார்த்தால் புஷ் மட்டுமல்ல, ராடு முனையிலுள்ள துளையும் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்திருக்கிறது. 8 மில்லி இருக்க வேண்டிய துளை ஒரு பக்கம் 8.7. புது புஷ் எத்தனை மாற்றினாலும் இந்தத் துளை இருக்கும்வரை லிவர் ஆடத்தான் செய்யும்.

ராடைக் கழற்றிக்கொண்டு மண்டபம் ஊரில் விசைப்படகு வேலை செய்யும் லேத் பட்டறைக்குப் போனேன். துளையில் வெல்டு வைத்து நிரப்பி, மறுபடி 8 மில்லி துளை போட்டுக் கொடுத்தார் பட்டறை அண்ணன். புஷ்ஷுக்கு மட்டும் இரண்டு பேருக்கும் ஒத்துப்போகவில்லை.

"கன்மெட்டல் வெண்கலத்துல கடைஞ்சு தர்றேன் தம்பி. படகு ஷாஃப்டுக்கே அதான் போடுறோம்."

"படகுல சத்தம் வந்தா யாரு கேக்கப் போறா அண்ணே? இங்க எஞ்சின் அதிர்வு எல்லாம் லிவர்ல வந்து என் கையில உக்காரும்."

கடைசியில் நைலானில் கடைந்தோம். இறுக்கமாக, துளியும் ஆட்டமில்லாமல். மூன்று நாள் ராஜா மாதிரி ஓட்டினேன். அப்புறம் ஒரு மழை. அதற்கடுத்த வாரம் காலையில் லிவரை இரண்டு கையால் தள்ள வேண்டியிருந்தது. நைலான் ஈரம் குடித்து உப்பும் என்பது எனக்குத் தெரியும், தெரிந்தும் மறந்துவிட்டேன். வெளிப்பக்கம் உப்ப இடமில்லாததால் உள்பக்கம் உப்பி ஸ்லீவைக் கவ்விக்கொண்டது. அண்ணனிடம் சொன்னபோது அவர் ஒன்றும் பேசாமல் டீயைக் குடித்தார்.

டெல்ரின் என்ற இன்னொரு பிளாஸ்டிக் மிகக் கொஞ்சம்தான் ஈரம் இழுக்கும். கோயம்புத்தூரிலிருந்து பார்சலில் வரவழைத்தேன். ஒரு அடிக்குக் குறைவாகத் தர மாட்டார்களாம், எனக்கு வேண்டியது ஒரு அங்குலம். மீதி மேசை டிராயரில் கிடக்கிறது. இந்தத் தடவை உள்துளையில் மெல்லிய காகிதம் நுழையும் அளவு இடம் விட்டுக் கடையச் சொன்னேன். போல்ட் 8.8 கிரேடு (வலுவான எஃகு), உள்ளே முழுக்க கிரீஸ் தடவி, அதிர்வில் கழலாத நைலாக் நட். ஸ்டெயின்லெஸ் போல்ட் போடலாமே என்று மைத்துனர் கேட்டார். துரு பிடிக்காதுதான், ஆனால் சாதாரண ஸ்டெயின்லெஸ் 8.8 அளவுக்கு வலுவில்லை, மரை கவ்விக்கொள்ளவும் செய்யும். இன்னொரு தடவை ஆக்ஸா பிளேடு பிடிக்க எனக்குத் தெம்பில்லை.

பிடித்துவைக்கும் கம்பியின் கியர் பாக்ஸ் முனையில் ஒரு ரப்பர் புஷ் இருக்கிறது, அதுவும் வெடித்திருக்கிறது. நண்பர் ஒருவர் சென்னை போகிறார், பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் புதுப்பேட்டையில் கம்பியோடு சேர்த்துக் கிடைக்குமா பார்க்கச் சொல்லியிருக்கிறேன். அது வந்தால் கையோடு அடித்தளத்தைச் சுரண்டி பெயிண்ட் அடித்துவிடலாம் என்று ஒரு யோசனை. அதற்கு முன்னால் சைலன்சர் தாங்கியைப் பார்க்க வேண்டும், அது தனிக் கதை.

ரப்பர் உறை தனியாகக் கிடைக்கவில்லை. பழைய சைக்கிள் டியூபில் ஒரு சாண் வெட்டி, மூட்டின் மேல் மாட்டி, இரண்டு முனையையும் தூண்டில் நரம்பால் சுற்றிக் கட்டியிருக்கிறேன். முடிச்சு அண்ணன் போட்டது, வலைக்காரர் முடிச்சு, அசையவில்லை.

ரிவர்ஸ் மட்டும் இன்னும் முதல் தடவை மறுத்து, இரண்டாவது தடவைதான் விழுகிறது. லிவருக்கு அடியிலுள்ள பிளாஸ்டிக் கிண்ணமாக இருக்கலாம். வருகிற ஞாயிறு சீட்டுக்கு நடுவே உள்ள கவரைக் கழற்றிப் பார்க்கிறேன்.