ஈசல் கிளம்பிய மாலை

"தம்பி, ஈசல் பொறப்படுது. பருந்து வந்துரும்."

புல் வெட்டும் அண்ணன் இதைச் சொன்னபோது மழை விட்டு அரைமணி நேரம் ஆகியிருக்கும். விமான நிலையத்தில் பறவை விரட்டுவது என் வேலை. ஜீப்பில் இருந்தபடியே "சரிண்ணே, பார்த்துக்கறேன்" என்றேன். மேலே பார்த்தேன், ஒரு பறவைகூட இல்லை. அதற்குள் விமானங்களுக்கு வழி சொல்லும் கட்டுப்பாட்டு டவர் கேட்டது, ரன்வே பக்கம் பறவை ஏதும் உண்டா என்று. இல்லை என்றேன்.

அது பொய் இல்லை. எத்தனையோ தடவை இதை எனக்கே சொல்லிப் பார்த்துவிட்டேன். அவர்கள் கேட்டது அந்த நிமிஷத்து நிலவரம், நான் சொன்னதும் அதுதான். ஆனால் அண்ணன் சொன்னது அடுத்த பத்து நிமிஷத்து நிலவரம். அதையும் சேர்த்துச் சொல்ல ஒரு வரி போதும்.

பருந்துகள் எங்கிருந்து வந்தன என்றே தெரியவில்லை. விமானம் இறங்கும் முனையில் முப்பது, நாற்பது இருக்கும். காலால் ஈசலைப் பிடித்து, பறந்தபடியே குனிந்து வாயில் போட்டுக்கொள்ளும். அந்த நேரத்தில் வெடிச் சத்தமெல்லாம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. விமானம் நெருங்கிவிட்டதால் நான் ரன்வேக்குள் போக முடியாது. ஓரத்தில் நின்று இரண்டு வெடி போட்டேன், வாக்கி-டாக்கியில் கத்தினேன். விமானம் அதற்குள் தரையைத் தொடும் உயரத்துக்கு வந்துவிட்டது.

பத்திரமாக இறங்கியது. பயணிகள் பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்கள். இடது என்ஜினில் இரண்டு பிளேடு வளைந்திருந்தது. செத்த பருந்தை நான்தான் எடுத்தேன். அதன் நகத்தில் ஓர் ஈசல் இறகு ஒட்டிக்கொண்டிருந்தது.

அறிக்கையில் 'திடீரெனப் பறவைகள் கூடின' என்று எழுதினேன். அந்தத் 'திடீரென' தான் இன்னும் உறுத்துகிறது.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் எச்சரிக்கை கொடுத்தால் யார் காதில் வாங்குவார்கள்? சுற்றிலும் 10 கிலோமீட்டருக்குள் ஆடுமாடு அறுக்காதே, குப்பை கொட்டாதே என்று விமான விதிகளில் 91-ஆம் விதி சொல்கிறது. நம் புல்தரையிலிருந்தே கிளம்பும் ஈசலுக்கு எந்த விதி? இப்படியெல்லாம் யோசித்து மனசு கொஞ்சம் ஆறும். அப்புறம் 2009-இல் நியூயார்க்கில் வாத்துக் கூட்டம் மோதி இரண்டு என்ஜினும் போய், 155 பேரோடு ஹட்சன் ஆற்றில் இறங்கிய விமானம் நினைவுக்கு வரும். அவ்வளவு பேரும் பிழைத்தார்கள். எங்கள் விமானத்திலும் அத்தனை பேர் இருந்திருப்பார்கள்.

இப்போது மழை விட்டால் முதலில் அண்ணனிடம்தான் போகிறேன். அவர் சொன்னதை அப்படியே டவரிடம் சொல்லிவிடுகிறேன். பாதி நாள் பருந்து வருவதில்லை. டவர் குரலில் சலிப்பு தெரிகிறது.

மறுநாள் அண்ணன் என்னைக் குறை சொல்வார் என்றுதான் நினைத்திருந்தேன். மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்.

"அந்தப் பருந்து செத்துப் போச்சா தம்பி?"